ஆரோக்கிய ஜோடும் அத்தாட்சியும்

ஆரோக்கியத்தை மருந்துக் கடையில் விற்ற காலம் போய், இப்பொழுது செருப்புக் கடையிலும் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். இராமநாதபுரம் கடைத்தெருவிலும், பரமக்குடியிலும், இராமேசுவரத்தில் யாத்திரிகர்கள் கூடும் வீதிகளிலும், எல்லாவற்றிற்கும் மேலாக ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் கைப்பேசியிலும், நடைக்கென்றே செய்யப்பட்ட விசேஷ ஜோடு என்று ஒரு சரக்கு கூவி விற்கப்படுகிறது. அதை அணிந்து நடந்தால் முழங்கால் வலி தீருமாம்; இடுப்பு இளைக்குமாம்; கெண்டைக்கால் தசை திரளுமாம்; இரத்த ஓட்டம் சீர்ப்படுமாம்; சில விளம்பரங்களின்படி நீரிழிவும் அடங்கிவிடுமாம். சாதாரண ஜோட்டைப் போல் மூன்று நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய இந்தச் சரக்கு, சொன்னவற்றில் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று கேட்க வாங்குகிறவனுக்கு உரிமை உண்டா, இல்லையா? உண்டென்றால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? இதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

ராஜ்ய விவகாரங்கள் மலைபோல் குவிந்து கிடக்கையில் செருப்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் நகைக்கலாம். ஆனால் இதை வாங்குகிறவர்கள் யார் என்பதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். பந்தயத்தில் ஓடும் வாலிபன் அல்ல. "தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும்" என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய ஐம்பது வயதுக்காரர். ஓய்வு பெற்ற உபாத்தியாயர். முழங்கால் வலியால் கோயில் பிரகாரத்தைச் சுற்ற இயலாமற்போன ஒரு தாயார். அவளுக்காகத் தன் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிப் பார்சல் வரவழைக்கும் மகன். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, தேசத்தில் நீரிழிவுடையோர் 10.1 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. அவர்களுக்கு எந்த வைத்தியரும் சொல்லும் முதல் உபதேசங்களுள் ஒன்று நடப்பது. ஆகவே நடையின் பெயரால் விற்கப்படும் பொய் எதுவாயினும், அது நோயாளியின் பணத்தைத் தேடியே போகிறது. அதைச் சிறு விஷயமென்று தள்ளிவிட முடியாது.

இந்த வகை ஜோடு பிறந்த கதை சுவையானது. சுவிட்சர்லாந்து தேசத்தவரான கார்ல் மியூலர் என்ற இஞ்சினீயர் கொரியாவில் வாழ்ந்தவர். முதுகு வலியால் வருந்திய அவர், அந்நாட்டு நெல் வயல்களின் மெத்தென்ற நிலத்தில் வெறுங்காலால் நடந்தபோது வலி குறையக் கண்டதாகச் சொல்வார்கள். கெட்டித் தரையிலும் அதே மெத்தென்ற, நிலைகொள்ளாத உணர்ச்சியைக் காலுக்குத் தர வேண்டுமென்று முயன்று, தோணியின் அடிப்பாகம் போல் முன்னும் பின்னும் வளைந்த ஒரு சோலை அவர் உண்டாக்கினார். 1996-ல் அது 'எம்.பி.டி.' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெகுதூரம் நடந்து பழகிய மசாய் ஜனங்களின் பெயரே அதில் முதல் எழுத்தாக நிற்கிறது. அடுத்த எழுத்து 'வெறுங்கால்' என்பதைக் குறிக்கிறது. வெறுங்காலின் பெயரை வைத்து, காலை முழுவதும் மூடுகிற ஜோட்டை ஐரோப்பாவில் உயர்ந்த விலைக்கு விற்ற சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். நெல் வயலின் ஈரந்தான் மருந்தென்றால் திருவாடானையிலும் ஆர்.எஸ். மங்கலத்திலும் அதற்குப் பஞ்சமில்லை. கண்மாயில் தண்ணீர் நிற்கும் வருஷங்களில் என்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2009-ம் வருஷத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டு இந்த வியாபாரத்தில் பெருமளவில் இறங்கின. 'ஸ்கெச்சர்ஸ்' கம்பெனி 'ஷேப்-அப்ஸ்' என்ற வளைந்த சோல் ஜோட்டை வெளியிட்டது. 'ரீபாக்' கம்பெனியின் 'ஈஸிடோன்' ஜோட்டிலோ, குதிகாலின் கீழும் முன்பாதத்தின் கீழும் இரண்டு புடைப்புகள் மெத்தைபோல் அமைந்திருந்தன. இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே. கால் சற்றுத் தள்ளாடும். அதைச் சமாளிக்கத் தசைகள் அதிகம் உழைக்கும். உழைத்த தசை உரம் பெறும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு நியாயமாக இருப்பது வேறு, நடந்தது என்று ருசுவாவது வேறு. ரீபாக் விளம்பரங்கள் எண்களையே எடுத்து வைத்தன: சாதாரண நடை ஜோட்டைக் காட்டிலும் பிருஷ்ட தசைகளுக்கு 28 சதவீதமும், பின்தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் 11 சதவீதமும் அதிக வலுவும் கட்டும் கிடைக்கும் என்று. எண் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள் என்பது வியாபாரிகள் அறிந்த இரகசியம். 28 என்று யாரோ அளந்திராவிட்டால் 30 என்றல்லவா சொல்லியிருப்பார்கள் என்று நம் மனமே அவர்களுக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறது. ஸ்கெச்சர்ஸ் கம்பெனியோ 2011-ல், அமெரிக்காவின் மிகப் பெரிய காற்பந்துப் பந்தய ஒளிபரப்பின் நடுவே, கிம் கார்டாஷியன் என்ற பிரபல மாது தமது உடற்பயிற்சி ஆசானை நீக்கிவிட்டு இந்த ஜோட்டைத் துணைகொள்வதாக ஒரு விளம்பரத்தைக் காட்டிற்று.

இந்தக் கூற்றுகளை யாராவது சோதித்தார்களா? சோதித்தார்கள். உடற்பயிற்சிக்கான அமெரிக்கக் கவுன்சில் என்ற ஸ்தாபனத்தின் பொருளுதவியில், விஸ்கான்ஸின் ராஜ்யத்திலுள்ள லா க்ராஸ் சர்வகலாசாலையார் 2010-ல் மேற்சொன்ன மூன்று ஜோடுகளையும் ஒரு சாதாரண ஓட்ட ஜோட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 12 இளம் பெண்கள், ஓடும் பட்டையுள்ள யந்திரத்தின்மீது ஐந்தைந்து நிமிஷமாக, சமதரையிலும் ஏற்றத்திலுமாக, ஒவ்வொரு ஜோட்டையும் மாற்றி மாற்றி அணிந்து நடந்தார்கள். அவர்கள் உட்கொண்ட பிராணவாயு அளக்கப்பட்டது; இருதயத் துடிப்பு எண்ணப்பட்டது. வேறு 12 பெண்களின் தசைகளில் மின்முனைகளை ஒட்டி, எந்தத் தசை எவ்வளவு உழைக்கிறது என்று பார்த்தார்கள். முடிவு என்ன? விசேஷ ஜோட்டுக்கும் சாதாரண ஜோட்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் எதுவும் காணவில்லை. பன்னிரண்டு பேர் ஒரு தொகையா என்று கேட்கலாம்; கேள்வி சரிதான். அப்படியானால் பன்னிரண்டுக்கு இருநூறாக ஒரு நல்ல சோதனையை நடத்தி, அதன் முடிவை விளம்பரத்துக்கு முன்னால் வெளியிட்டிருக்க வேண்டியவர்கள் கம்பெனிக்காரர்களே அல்லவா?

இந்தக் கேள்வியையே அமெரிக்க சர்க்காரின் மத்திய வர்த்தகக் கமிஷனும் கேட்டது. 2011 செப்டம்பரில் ரீபாக் கம்பெனி, வாங்கினவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக 2½ கோடி டாலர் கட்ட இசைந்தது. 2012 மே மாதத்தில் ஸ்கெச்சர்ஸ் கம்பெனி 4 கோடி டாலர் கட்ட இசைந்தது. தாங்கள் தவறு செய்ததாக அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு நீளாதிருக்கவே உடன்பட்டதாகச் சொன்னார்கள். ஆனால் ஸ்கெச்சர்ஸ் விஷயத்தில் கமிஷன் சாட்டிய குற்றம் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த ஜோட்டை ஒரு எலும்புச் சீரமைப்பு வைத்தியர் தாமே ஆராய்ந்து சிபாரிசு செய்வதாக விளம்பரம் கூறிற்று. அந்த ஆராய்ச்சிக்குக் கம்பெனியே பணம் கொடுத்தது என்பதையும், வைத்தியரின் மனைவியார் அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவு அதிகாரி என்பதையும் விளம்பரம் கூறவில்லை என்பதே குற்றச்சாட்டு. ஆராய்ச்சியில் கிடைத்த எண்களில் சாதகமானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்ததாகவும் கமிஷன் கூறிற்று. பின்னர் 2014-ல், ஐந்து விரல்களுக்கும் தனித்தனி உறை வைத்துத் தைத்த 'வைப்ரம்' ஜோட்டின் கம்பெனியும், பாதத்துக்கு உரமூட்டும் என்ற தன் விளம்பரங்களைக் குறித்த வழக்கில் 37½ லட்சம் டாலருக்கு ராஜியாயிற்று. தள்ளாடும் ஜோடு ஒரு கட்சி, வெறுங்காலைப் போன்ற ஜோடு எதிர்க்கட்சி. இரண்டும் ஒரே படிக்கட்டில் இடறின.

இதெல்லாம் அந்நிய தேசத்துச் சமாசாரம் என்று நாம் இருந்துவிட வேண்டாம். நம் தேசத்திலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 பிப்ரவரியில் 'நாப்டால்' என்ற டெலிவிஷன் விற்பனைக் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவில் அடங்கிய சரக்குகள் மூன்று: தங்க நகை என்று பெயரிட்ட ஒரு ஜோடி, முழங்காலுக்குக் காந்தப் பட்டை, அக்குபிரஷர் யோகச் செருப்பு. வாசகர்கள் மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். உள்ளங்காலில் முட்கள் போன்ற குமிழ்கள் அழுத்துமாறு செய்த இவ்வகைச் செருப்பு, திருவிழாக் கடைகளில்கூடக் கிடைக்கிறது. யோகம் என்ற நம் பழைய சொல்லை அதன் வாரில் கட்டிவிட்டார்கள். முன்பே பதிவு செய்த நிகழ்ச்சியை நேரில் நடப்பது போலக் காட்டுவதையும், இன்று விட்டால் நாளை கிடைக்காது என்று அவசரப்படுத்துவதையும் ஆணையம் கண்டித்தது.

என் அபிப்பிராயத்தைப் பிறருடைய ஆராய்ச்சியின் மேல் மட்டும் நிறுத்த விரும்பாமல், நானே பத்து வாரம் பரீட்சித்துப் பார்த்தேன். வளைந்த சோலுள்ள ஜோடு ஒன்றை வாங்கினேன். கம்பெனியின் பெயர் இங்கு அவசியமில்லை. முதல் நான்கு வாரம் பழைய கான்வாஸ் ஜோடு. அடுத்த நான்கு வாரம் விசேஷ ஜோடு. கடைசி இரண்டு வாரம் மறுபடியும் பழையது. பாதை ஒன்றே: விடியற்காலையில் அக்கினி தீர்த்தக் கரையிலிருந்து புறப்பட்டுக் கந்தமாதன பர்வதம் போய், படி ஏறி இறங்கித் திரும்புவது. வாரம் ஒருநாள் பாம்பன் சாலைப் பாலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து கடப்பது. அது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். உடல் எடை, இடுப்புச் சுற்றளவு, எழுந்தவுடன் நாடித்துடிப்பு, நடந்த நேரம் ஆகியவற்றை வாரந்தோறும் ஒரு நண்பர் அளந்து எழுதினார். முந்திய வாரத்து எண்ணை எனக்குக் காட்டக் கூடாது என்பது எங்களுக்குள் நிபந்தனை. நினைத்ததை அளப்பது மனித சுபாவம்; அதனால் அளவுகோலைப் பிறர் கையில் கொடுப்பதே உத்தமம்.

கண்டது இதுதான். விசேஷ ஜோட்டின் முதல் ஐந்தாறு நாட்கள் கெண்டைக்கால் நன்றாக வலித்தது. பெட்டியோடு வந்த துண்டுப் பிரசுரம், இந்த வலி தசை விழித்தெழுவதன் அடையாளம் என்று சமாதானம் கூறியது. இரண்டாவது வாரத்தில் வலி நின்றுவிட்டது. தசை விழித்தபின் மறுபடி தூங்கிவிட்டதா என்பதைப் பற்றிப் பிரசுரத்தில் ஒன்றும் இல்லை. முதல் வாரத்தில் அதே பாதைக்குச் சில நிமிஷங்கள் அதிகமாயின. பின்னர் பழைய நேரத்துக்கே வந்துவிட்டது. எடையும் இடுப்பும் நாளுக்கு நாள் இயற்கையாக ஏறி இறங்கும் அளவைத் தாண்டி மாறவில்லை. நாடித்துடிப்பு அப்படியே. கந்தமாதனத்தின் படிகளில் எனது வலது முழங்கால் வழக்கமாகச் செய்யும் முறையீட்டை இந்த ஜோடு கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பாம்பன் பாலத்தின்மேல் காற்று பலமாக அடித்த ஒரு நாளில், வளைந்த சோலின்மீது நிற்பது தோணியின் விளிம்பில் நிற்பதை ஒத்திருந்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன். கடலில் பழகிய கால்களுக்கு இது வேடிக்கை. தலைச்சுற்றல் உள்ள முதியவருக்கு அபாயம்.

ஒரு நன்மையையும் மறைக்கலாகாது. அந்த நான்கு வாரத்தில் நான் ஒரு நாள்கூட நடையை விடவில்லை. கொடுத்த விலை கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பலருக்கும் இந்த ஜோடுகள் "பலன் கொடுப்பது" இவ்விதமாகத்தான் என்று நினைக்கிறேன். வாங்கியவர் நடக்கிறார்; நடந்ததால் உடம்பு தெளிகிறது; கீர்த்தி ஜோட்டுக்குப் போகிறது. கந்தமாதனத்தில் இராமர் பாதத்தைத் தரிசித்து இறங்கும்போது ஒருநாள் தோன்றியது: பரதன் பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து நாட்டை ஆண்டானே தவிர, ஆளும் வேலையைப் பாதுகை செய்ததாக அவன்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

என்னுடைய இந்தப் பரீட்சையைக் கொண்டு ஜோடு பயனற்றது என்று தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. ஒரு மனிதனுடைய உடம்பு, பத்து வாரம்; அதில் மழை பெய்த நாட்கள் உண்டு, விருந்துண்ட நாட்கள் உண்டு. அத்தாட்சி என்று சொல்ல அது போதாது. ஆனால் கடைக்காரர்களும் விளம்பரக்காரர்களும் நம்மிடம் நீட்டுவது இதைவிடக் குறைந்த சரக்கல்லவா? "நான் அணிந்தேன், எனக்குக் குணமாயிற்று" என்று ஒருவர் முகம் மலரச் சொல்கிறார். அளவு இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு ஜோடு இல்லை, எழுதி வைத்தவர் இல்லை. "நீங்களே அணிந்து பாருங்கள்" என்ற அழைப்பு தைரியத்தின் அடையாளம்போல் தோன்றினாலும், உண்மையில் அது ருசுப்பிக்கும் பாரத்தை விற்றவன் தோளிலிருந்து இறக்கி, வாங்கினவன் காலில் ஏற்றும் தந்திரமாகும். முதல் வாரத்து வலியே பலனுக்குச் சாட்சி என்று சொல்லிவிட்டால், வலித்தாலும் அவர்கள் கட்சி ஜெயம், வலிக்காவிட்டாலும் ஜெயம்.

தள்ளாடும் தரையில் நடந்தால் உடல் அதிகம் உழைக்கும் என்ற தத்துவம் முழுப் பொய்யும் அல்ல. அதற்குச் சாட்சி நமது கடற்கரையே. பெல்ஜியம் தேசத்து ஆராய்ச்சியாளர் 1998-ல் வெளியிட்ட ஒரு சோதனையின்படி, கெட்டித் தரையில் நடப்பதைக் காட்டிலும், அதே வேகத்தில் மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்குவரை அதிக சக்தி செலவாகிறது. அடி எடுத்து வைக்கும்தோறும் மணல் நழுவி, நம் உழைப்பை விழுங்கிவிடுவதே காரணம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குப் போகும் சாலை, 2017-ல் அரிச்சல்முனை வரையில் திறக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் அந்த மணலில் நடந்தவர்களைக் கேட்டால், மேற்படி கணக்கை ஆராய்ச்சிசாலைக்குப் போகாமலே சொல்வார்கள். கரைவலை இழுக்கும் மீனவர்கள் ஈர மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி நடப்பதைப் பார்த்தவர்களுக்குக் கெண்டைக்காலின் உரம் எப்படி உண்டாகிறது என்பதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. இரண்டு அங்குல ரப்பர் அந்த மணலாகிவிடும் என்று சொல்வதுதான் ருசுவாக வேண்டிய சங்கதி. சர்வகலாசாலையாரின் யந்திரம் அப்படி ஆகவில்லை என்றது.

அப்படியானால் ஜோட்டை எறிந்துவிட்டு எல்லாரும் வெறுங்காலால் நடப்பதே மேல் என்று சிலர் புறப்படக்கூடும். இது முதல் மூடநம்பிக்கையைவிட ஆபத்தானது. நீரிழிவு பல வருஷம் நீடித்தவர்களில் பலருக்குப் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடுகிறது. சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச் சாலையும், உடைந்த சிப்பியும், கருவேல முள்ளும் அவர்களுக்குச் செய்யும் தீங்கு அவர்களுக்கே தெரிவதில்லை. கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலோ காலோ எடுக்க வேண்டிய நிலை வந்த பிறகுதான் வீட்டார் விழித்துக்கொள்கிறார்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரக் கல்லின்மீது ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு தூண்கள் நிற்கும் மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றி வரும் யாத்திரிகர்களில் இத்தகையோர் எத்தனையோ பேர். கோயிலுக்குள் செருப்பு ஆகாது, அது சரியே. வாசலுக்கு வந்தபின் உள்ளங்காலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளும் வழக்கம் வேண்டும் என்பதை அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்?

இங்கேதான் வேடிக்கையும் வேதனையும் கலந்த ஒரு விஷயம் இருக்கிறது. வளைந்த சோலுக்கு உண்மையான உபயோகம் ஒன்று உண்டு. அது நம் தமிழ்நாட்டிலேயே வளர்ந்த வித்தை. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான பால் பிராண்ட் என்ற ரண வைத்தியர், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் வந்து சேர்ந்தார். குஷ்டரோகிகளின் பாதங்களில் உண்டாகும் புண்களை ஆராய்ந்து, சதை தானாக அழுகவில்லை, உணர்ச்சி அற்ற பாதம் ஒரே இடத்தில் ஓயாமல் அழுத்தப்படுவதே புண்ணுக்குக் காரணம் என்று அவர் நிலைநாட்டினார். அதிலிருந்து, எம்.சி.ஆர். என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் நுண்துளை ரப்பர் செருப்புகள் வேலூரிலும் அடுத்துள்ள கரிகிரியிலும் உருவாகிப் பரவின. முன்பாதத்தில் புண் வந்து ஆறியவர்களுக்கு, மடங்காத கெட்டியான அடிக்கட்டையை வளைவாகச் செதுக்கிப் பொருத்தினார்கள். பாதம் மடங்காமல் உருண்டு போவதால் முன்பாதத்தின்மேல் விழும் அழுத்தம் குறைகிறது. இன்று நீரிழிவுப் பாதங்களுக்கும் அதே முறை கையாளப்படுகிறது.

வளைவு ஒன்றுதான், ஆனால் காரியம் வேறு. வேலூரில் நோயாளியின் பாதத்தை அளந்து, அழுத்தம் விழும் இடத்தைக் கண்டு, அதற்கென்று ஒரு ஜோட்டைச் செய்து, மறுபடி வரச்சொல்லிப் பார்த்தார்கள். அதை அணிந்தால் இடுப்பு இளைக்கும் என்று அவர்கள் யாருக்கும் சொன்னதில்லை. கடையில் விற்கும் மெத்தென்ற வளைவு, பாதம் உணர்வற்றுத் தடுமாறும் நீரிழிவுக்காரரை இன்னும் தடுமாற வைக்கலாம். ஒரே உருவத்தைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில் தருகிற மாதிரிதான் இதுவும்" என்று கடைப் பையன் சொல்லிவிடுகிறான். தேவையான செருப்பு விலை மலிவு, விளம்பரமில்லை; தேவையில்லாத ஜோடு விலை அதிகம், ஊரெல்லாம் விளம்பரம். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடற்பாசி எடுக்க முங்கும்போது, பாறையும் முள்ளும் கிழிக்காதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பாதத்தின் ஆரோக்கியத்தைப் பற்றி இத்தனை கவலைப்படும் கம்பெனிகளுள் ஒன்றாவது அவர்கள் காலுக்கு ஏற்றதொன்றைச் செய்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எண்களின் மோகத்தைப் பற்றி மற்றொரு சிறு செய்தி. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற விதியை வைத்திய சாஸ்திரத்தின் கட்டளை என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். 1965-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடி எண்ணும் கருவியை விற்பதற்காக அதற்கு இட்ட பெயர் அது; 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். 2019-ல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட முதிய பெண்களைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சி, சுமார் 7,500 அடி வரையில்தான் மரண விகிதம் குறைந்துகொண்டே வந்தது, அதன்மேல் அதிக வித்தியாசமில்லை என்று கண்டது. உலக சுகாதார ஸ்தாபனம் கேட்பதோ வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உழைப்பு. அதில் எந்தச் செருப்பின் பெயரும் இல்லை.

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மத்திய ஆணையம் ஏற்பட்டது. 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் விதிகள் வெளிவந்தன. பொய் விளம்பரம் செய்யும் கம்பெனிக்கும், அதற்கு முகம் கொடுக்கும் நட்சத்திரத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுமுறை செய்தால் 50 லட்சம். சிபாரிசு செய்த பிரபலஸ்தரை ஒரு வருஷம் வரை வேறெந்த விளம்பரத்திலும் தோன்றக் கூடாதென்று தடுக்கலாம். இவற்றைவிட நமக்கு முக்கியமான ஷரத்துகள் இரண்டு. வாங்கினவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரலாம். பம்பாயிலோ டில்லியிலோ இருக்கும் கம்பெனி இராமநாதபுரம் நுகர்வோர் கமிஷனில் வந்து நிற்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. இரண்டாவது, பொய் விளம்பரத்தைப் பற்றி ஜில்லா கலெக்டரிடமே எழுத்து மூலம் புகார் செய்யலாம். ஜோட்டை வாங்கி ஏமாந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் அதற்கில்லை.

சர்க்காருக்கும் செய்ய வேண்டிய கடமை இருக்கிறது. சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோலும் தைத்த ஜோடும் உலகெங்கும் போகின்றன. ஜோட்டைச் செய்யத் தெரிந்த நாட்டுக்கு அதைச் சோதிக்கத் தெரியாதா? ஆரோக்கியத்தின் பெயரால் விற்கப்படும் ஒவ்வொரு ஜோட்டையும் வாங்கிச் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட்டால் ஆகும் செலவு, ஒரு காலை எடுக்கும் சிகிச்சைகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகள் செலவிடுவதில் எத்தனையில் ஒரு பங்கு? 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் ஊழியர்கள் நீரிழிவு மாத்திரை கொடுக்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அதோடு பாதத்தையும் பார்த்து, வேண்டியவருக்கு எம்.சி.ஆர். செருப்புக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதை எல்லாக் கிராமத்திலும் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரையில் நமது ஊழியர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. இராமநாதபுரம் ஜில்லாவில் ஒவ்வொரு வாசகசாலையிலும் இரண்டு பேர் சேர்ந்து, நோய் தீர்ப்பதாகக் கூறும் ஜோட்டு விளம்பரங்களை ஒரு மாதம் கத்தரித்தும், கைப்பேசியில் வருவனவற்றைப் படம் எடுத்தும் சேர்க்கட்டும். கடையிலேயே போய், "இந்த 28 சதவீதத்தை யார் அளந்தார்கள், எத்தனை பேரிடம், எந்த வருஷம்?" என்று கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே கீழே எழுதட்டும். பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதட்டும். ஜில்லா கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் குறை கேட்கும் நாள் நடக்கிறது; அந்தக் கட்டை அங்கே கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.